பூட்டும் திறப்பும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே மாங்குளம் என்னும் ஊர் இருக்கிறது. கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே துணுக்காய், மல்லாவிப் பக்கத்துக்கும் பாதைகள் பிரிந்து செல்லும் சந்தி அது. புகையிரத நிலையமும் உண்டு. சந்தியில் வாழ்வோர்க்கு ஒரு தனி அனுபவம் வாய்க்கிறது. நாட்டுக்குள் புதிதாக வரும் பொருள் முதலில் அவர்கள் கண்ணிலே படுகிறது; வராமல் தடுக்கப்படும் பொருளின் இன்மையும் முதலில் அவர்களுக்கே உறைக்கிறது. வானொலி, தொலைக்காட்சி, விளையாட்டுப் பெட்டி, கைத்தொலைபேசி ஆகிய மின்னணுப் பொருள்களை யார் வைத்திருக்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்ற வாதம் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. அவ்வாதத்தைக் கேட்கும்போது மாங்குளம் போன்ற ஓர் ஊரின் நினைவு வருவது இயல்பே. ஏனெனில், அங்கே ஒரு தலைமுறை முழுவதும் அந்த வாதத்தின் நடுவிலேயே வாழ்ந்திருக்கிறது.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. புகையிரதம் நின்றது, மின்சாரமும் நின்றது. அவ்வாண்டு நவம்பரில் மாங்குளத்து இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. பின்னர் 1998 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்ற, மறு ஆண்டு நவம்பரில் புலிகள் மீண்டும் கைப்பற்ற, 2008 ஆம் ஆண்டு நவம்பரில் இராணுவம் திரும்பவும் அதனைப் பிடித்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் பெயர்ந்தனர். இந்த ஆண்டுகளிலே வன்னிக்குள் கொண்டு செல்லலாகாத பொருள்களென ஒரு நீண்ட பட்டியலை அரசாங்கம் வைத்திருந்தது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, உரம் ஆகியவற்றோடு, ரோச் விளக்குக்கும் றேடியோவுக்கும் இடுகின்ற சிறு பற்றறியும் அப்பட்டியலிலே இருந்தது.

பற்றறியைத் தடுத்ததற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. அதனைக் கொண்டு கண்ணிவெடியை வெடிக்கச் செய்யலாம் என்பதே அது. காரணம் பொய்யன்று. ஆனால், அதே பற்றறியினால்தான் பாம்பு கடித்தவரைத் தூக்கிச் செல்வோருக்கு இருட்டிலே வழி தெரிந்தது. அதே பற்றறியினால்தான் எந்தப் பக்கம் சண்டை நெருங்குகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை ஒரு குடும்பம் அறிந்துகொண்டது. பத்திரிகை வருவது அரிதாகிவிட்ட நிலத்தில் வானொலியே செய்தி. இலண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், கடலுக்கு அப்பாலிருந்து திருச்சி, தெற்கே கொழும்பு என்று பல திசைகளிலிருந்தும் குரல்கள் வந்தன. ஒன்றில் கேட்டதை மற்றொன்றில் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே உண்மை இருக்கும் என்று முதியவர்கள் தீர்ப்புக் கூறுவர். செய்தியை எடைபோடும் இந்தப் பயிற்சியை எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்குக் கொடுத்ததில்லை.

பற்றறி இல்லாமல் றேடியோ பாடியது எப்படி? சைக்கிளின் தைனமோதான் வழி செய்தது. இரவுச் செய்தி நேரம் நெருங்கும்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவர். அல்லது பின் சில்லு நிலத்தில் படாதவாறு நிறுத்திக்கொள்வர். வீட்டிலே இளையவன் ஒருவன் பெடலைச் சுற்றுவான். தயரின் பக்கத்தில் உராயும் தைனமோ சுழலும். அதனுள்ளே ஒரு காந்தமும் அதனைச் சூழக் கம்பிச் சுருளும் உள்ளன. காந்தம் சுழலும்போது சுருளிலே மின் பிறக்கிறது. சைக்கிள் விளக்குக்கென்று செய்யப்பட்ட தைனமோ ஏறத்தாழ 6 வோல்ற்றும் 3 உவாற்றும் தரவல்லது. நான்கு சிறு பற்றறிகளை வரிசையாக இட்டால் கிடைப்பதும் 6 வோல்ற்றே. இந்தப் பொருத்தம் தற்செயலாக அமைந்தது. வன்னிக்கு அது பேருதவியாயிற்று.

எனினும், இரண்டு கம்பியை நேரே கொண்டுபோய் றேடியோவில் தொடுத்தால் காரியம் முடிந்துவிடாது. பற்றறியின் மின் ஒரே திசையில் ஓடும். தைனமோவின் மின்னோ முன்னும் பின்னுமாக ஆடும். ஆடும் மின்னை ஒருவழிப்படுத்த டயோட் என்னும் சிறு உறுப்பு வேண்டும். ஒருவழிப்பட்ட மின்னும் அலையலையாக வருமாதலால், ஒரு கொள்ளளவியை இடையிலே வைத்துச் சமன்செய்ய வேண்டும். இல்லையெனில் செய்தி வாசிப்பவரின் குரலுக்கு மேலாக வண்டு இரைவது போல ஓர் இரைச்சல் கேட்கும். மிக வேகமாகச் சுற்றினால் வோல்ற்று ஏறி றேடியோ எரிந்துபோகலாம். மெதுவாகச் சுற்றினால் குரல் தேய்ந்துவிடும். பாட்டுக் கசெற் போட்டுக் கேட்பதென்றால் தொல்லை இன்னும் அதிகம். கை தளரும்போது மோட்டரும் தளர்ந்து, பாடகர் உறக்கத்திலே பாடுவது போல இழுப்பார். பழுதான றேடியோக்களிலிருந்து டயோட்டையும் கொள்ளளவியையும் கழற்றி எடுத்துப் பற்றாசு வைத்துப் பொருத்துவதற்கு ஊரிலே ஓரிருவர் இருந்தால் போதும்; அயலெல்லாம் செய்தி கேட்டது. மின்னியலைப் புத்தகத்திலே படித்து மறந்தவர் பலர். பெடலைச் சுற்றிக் கற்ற பிள்ளைகள் அதை மறக்க வழியில்லை.

எப்படியோ அகப்பட்ட பற்றறிகளை மக்கள் எளிதிலே எறிந்துவிடவும் இல்லை. ஓய்ந்த பற்றறியை வெயிலிலே காயவைப்பர். சிலர் அதன் உடலிலே ஆணியால் துளையிட்டு உப்புநீர் விடுவர். நாகத்தகட்டுக்கும் நடுவிலுள்ள கரிக்கோலுக்கும் இடையே இருக்கும் பசை உலர்ந்துவிடும்போது மின் குன்றுகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் இன்னும் சிறிது நேரம் அது உழைக்கும். ஒரு செய்தியறிக்கைக்கு அந்தச் சிறிது நேரம் போதுமானது.

இவற்றைச் சொல்வது வறுமையைப் புகழ்வதற்காக அன்று. தைனமோ றேடியோவை ஒரு வீரக் கதையாக்கிச் சொல்வோர் இப்போது உளர். சுற்றிக் களைத்த பிள்ளையிடம் கேட்டால், அது இருட்டிலே செய்த கூலியில்லா வேலை என்றே சொல்லும். ஆயினும் அந்த நாள்களில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அரசு தடுத்தது பற்றறியை மட்டுமே. றேடியோ தன்னைத் திறந்து பார்க்க விட்டது. முதுகிலே நான்கு திருகாணி. கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தடை வீதியிலே நின்றது, பொருளினுள்ளே நிற்கவில்லை.

வீதியிலே நின்ற காவலும் ஒன்றல்ல. வன்னியைத் தம் ஆட்சியில் வைத்திருந்த விடுதலைப் புலிகளும் தென்னிந்தியத் திரைப்படங்களைத் தணிக்கை செய்தே அனுமதித்தனர். காசு சேர்த்துத் தொலைக்காட்சியும் டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திலே பாய் விரித்து, விடியும்வரை இரண்டு மூன்று படம் பார்ப்பது அக்காலத்துக் கொண்டாட்டம். அங்கே ஓடும் படம் இரு தரப்பின் கையையும் கடந்து வந்ததாக இருக்கும். மண்ணெண்ணெயை ஒரு தரப்பு தடுத்தது; காட்சியை மறு தரப்பு வெட்டியது.

போருக்குப் பயன்படலாம் என்ற அச்சத்தினால் வீட்டுப் பொருளைத் தடுப்பது இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே யப்பானில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 என்னும் விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. பிள்ளைகள் தொலைக்காட்சியோடு இணைத்துக் கார் ஓட்டியும் பந்தடித்தும் விளையாடுவதற்கான பொருள் அது. அடுத்த மாதமே யப்பானிய அரசாங்கம் அதனைப் போருக்கும் பயன்படக்கூடிய பொருளாக வகுத்து, ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்த செய்தி வெளியாயிற்று. படங்களை விரைந்து கணிக்கும் அதன் ஆற்றல் ஏவுகணையை வழிநடத்தவும் உதவலாம் என்பது காரணம். அதே ஏப்ரலில், மாங்குளத்துக்கு வடக்கே ஆனையிறவில் கடும்போர் நடந்து, 22 ஆம் நாள் அத்தளம் புலிகள் வசமாயிற்று. தோக்கியோவிலே விளையாட்டுப் பெட்டி ஆயுதமாகக் கருதப்பட்ட அந்த மாதத்தில், வன்னியிலே ரோச் பற்றறி ஆயுதமாகக் கருதப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

யப்பானியரின் அச்சத்தைக் கேட்டுப் பலர் நகைத்தனர். ஆனால், 2010 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம் 1,700 க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை ஒன்றோடொன்று பிணைத்து ஒரு பெருங்கணினியை அமைத்தது. தனியே செய்வித்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே ஆயிற்றாம். எனவே தடுப்பவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் முற்றிலும் பொய்யாக இருப்பதில்லை. அதிலேதான் சிக்கலே இருக்கிறது. எந்தக் கருவிக்கும் இரண்டாவது பயன் ஒன்று உண்டு. அதனைக் காட்டி எதனையும் தடுத்துவிடலாம்.

வீதியை விட்டுத் துறைமுகத்துக்கு வந்தால் வேறொரு வகைக் காவலைக் காணலாம். இது பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே இறங்கும் பொதிகளுக்குப் புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் நிலைத்தது; வரி நீக்கியவனை மக்கள் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருப்பர் என்பதற்கு அப்பெயரே சான்று. இலங்கையிலே 1970 முதல் 1977 வரை அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக இறக்குமதிகள் இறுக்கப்பட்டன. 1977 இல் கதவு திறந்தது. 1979 இல் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கியது. பின்னர் 2020 ஆம் ஆண்டிலிருந்து செலாவணி வற்றத் தொடங்கியபோது கதவு மறுபடியும் சாத்தப்பட்டது.

இந்தக் காலத்திலே நடந்த ஒன்றை மட்டும் நின்று பார்த்துச் செல்லல் வேண்டும். 2021 ஆம் ஆண்டு செப்டெம்பரில், அவசியமற்றவை என்றும் அவசரமற்றவை என்றும் கருதப்பட்ட 623 வகைப் பொருள்களை இறக்குமதி செய்வோர், அவற்றின் முழுப் பெறுமதியையும் முற்பணமாக வங்கியிலே கட்ட வேண்டும் என்று மத்திய வங்கி ஆணையிட்டது. அப்பட்டியலில் கைத்தொலைபேசியும் தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தன. அம்மாதத்திலே கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. பாடமெல்லாம் கைத்தொலைபேசியிலே நடந்தது. ஊவா மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் பிள்ளைகள் அலைத்தொடர்பைத் தேடிக் குன்றின் உச்சிக்கு ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளிலே வந்தன. வன்னியிலோ, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தகப்பனார் வேலைக்குப் போகும்போது அவரோடு போய்விடும். கரும்பலகையும் வெண்கட்டியும் ஆடம்பரம் என்று எவரும் சொல்லார். அவற்றின் இடத்தில் வந்து நின்ற பொருள் அவசியமற்றவற்றின் வரிசையிலே அகப்பட்டுக்கொண்டது. ஆணை சில வாரங்களில் விலக்கப்பட்டது உண்மையே. ஆணையிட்டவர்கள் திறைசேரியின் துயரத்தை அறிந்திருந்தார்கள். ஆனால், வகுப்பறை எங்கே குடியேறியிருக்கிறது என்பதை அறிந்திருந்தார்களா என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

இனி மூன்றாவது காவலைப் பார்க்கலாம். இது வீதியிலும் இல்லை, துறைமுகத்திலும் இல்லை. பொருளின் வயிற்றினுள்ளே இருக்கிறது.

2002 ஆம் ஆண்டு ஜனவரியில் வன்னி மீதான பொருளாதாரத் தடை பெரும்பாலும் நீக்கப்பட்டது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. ஓமந்தையிலே இராணுவத்தின் சோதனை. அதனைக் கடந்தால் புலிகளின் சோதனையும் தீர்வையும். இரண்டையும் கடந்து தொலைக்காட்சிகளும் சீடி போடும் கருவிகளும் லொறி லொறியாக வந்தன. வெளிநாட்டிலிருந்து உறவினரும் வந்தனர். பெட்டி நிறையப் பொருள் கொண்டுவந்தனர். ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா, அண்ணன் பிள்ளைகளுக்கென்று விளையாட்டுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடையூறு மின்சாரம். கனடாவிலே வீட்டு மின் 120 வோல்ற்று, இலங்கையிலே 230. அக்காலத்துப் பெட்டிகள் பல அந்தந்த நாட்டு மின்னுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. இடையே மின்மாற்றி வைக்காமல் பூட்டினால் புகைதான் மிஞ்சும். இரண்டாவது இடையூறு தொலைக்காட்சி முறை. கனடாவில் என்.ரி.எஸ்.சி.; படம் 525 கோடுகளால் ஆனது. இலங்கையில் பால் முறை, 625 கோடுகள். பழைய தொலைக்காட்சியிலே படம் நிறமற்றுப் போகும், அல்லது மேலும் கீழுமாக உருளும். அங்கே எடுத்த கலியாண வீடியோவுக்கும் இதுவே கதி. மணமகளின் கூறைச் சேலை என்ன நிறம் என்று ஊரிலுள்ள பேர்த்தியார் அறியமாட்டார்.

இவ்விரண்டும் இயற்கையான வேற்றுமைகள். யாரும் வேண்டுமென்று செய்தவை அல்ல. மூன்றாவது இடையூறே வேண்டுமென்று செய்தது. விளையாட்டுத் தட்டை ஊரிலே வாங்கினால் கனடாப் பெட்டி அதனை ஏற்காது. பெட்டியினுள்ளே ஒரு வலயக்குறி எழுதப்பட்டிருக்கிறது. தட்டிலும் ஒரு குறி இருக்கிறது. இரண்டும் ஒத்தாலன்றிப் பெட்டி வாய் திறக்காது. திரைப்பட டி.வி.டி.க்கும் இவ்வாறே உலகத்தைப் பங்கிட்டனர். கனடா முதலாம் வலயம். இலண்டனும் பாரிசும் இரண்டாம் வலயம். சிங்கப்பூர் மூன்றாம் வலயம். அவுஸ்திரேலியா நான்காம் வலயம். இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் வலயம். போரினாலே சிதறிய ஒரு வன்னிக் குடும்பத்தின் பிள்ளைகள் இந்த ஐந்து வலயத்திலும் இருக்கக்கூடும். ஒரு படம் முதலிலே எங்கே வெளியாக வேண்டும், எங்கே என்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதை நிறுவனங்கள் தம் கையில் வைத்திருப்பதற்காகவே இப்பிரிவினை ஏற்பட்டது. தமிழ்ப் படத் தட்டுகள் பல இக்குறி இல்லாமலே விற்கப்பட்டதால் நம்மவர் இதன் இடரை முழுவதும் உணரவில்லை.

விளையாட்டுப் பெட்டியிலே இவ்விதப் பூட்டு எப்போது வந்தது? நின்டெண்டோ நிறுவனம் 1983 இல் யப்பானில் விற்ற பெட்டியில் பூட்டு இல்லை. 1985 இல் அமெரிக்காவிலே விற்றபோது பெட்டியினுள் ஒரு சில்லும், ஒவ்வொரு விளையாட்டுக் கசெற்றினுள்ளும் ஒரு சில்லும் வைத்தது. பெட்டியை இயக்கியவுடன் இரண்டும் ஒன்றோடொன்று இரகசியமாகப் பேசிக்கொள்ளும். பேச்சு ஒத்துவராவிட்டால் பெட்டி விநாடிக்கு ஒரு முறை தன்னை அணைத்து அணைத்துத் தொடங்கும். நிறுவனத்தின் இசைவு பெறாத எவரும் அதற்கு விளையாட்டுச் செய்யக்கூடாது என்பதே நோக்கம். ‘ரி.வி. கேம்’ என்ற பெயரில் ஆசியக் கடைகளிலே மலிவாகக் கிடைத்த போலிப் பெட்டிகள் பூட்டில்லாத யப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஒரு கசெற்றில் பல்லாயிரம் விளையாட்டு என்று அட்டையிலே பொய் எழுதியிருக்கும். சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். ஆயினும் கசெற்றைச் சோதித்து மறுக்கும் பூட்டு அதில் இல்லை. நேர்மையாகச் செய்த பொருள் பூட்டோடும், திருட்டாகச் செய்த பொருள் பூட்டின்றியும் கிடைத்தது வேடிக்கைதான்.

இந்தப் பூட்டை உடைப்பது குற்றமா? அவுஸ்திரேலியாவிலே இக்கேள்வி மேல்நீதிமன்றம் வரை சென்றது. பிளேஸ்டேஷன் பெட்டியினுள்ளே ஒரு சிறு சில்லைப் பொருத்தி, பிரதி செய்த தட்டையும் பிற வலயத்துத் தட்டையும் ஓடச் செய்து கொடுத்த ஒருவர் மீது சோனி வழக்குத் தொடுத்தது. 2005 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சோனியின் பூட்டு பிரதி எடுப்பதைத் தடுக்கவில்லை. எடுத்த பிரதியை ஓடவிடாமல் மட்டுமே தடுத்தது. ஆகவே சட்டம் கூறும் பாதுகாப்புப் பூட்டு அஃதன்று என்பது நீதியரசர்கள் கண்ட முடிவு. மறு ஆண்டிலே அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஆனாலும் சந்தையைக் கூறுபோடுவதற்கு மட்டும் இடப்படும் வலயக்குறிக்கு அச்சட்டத்தின் காவலை அது கொடுக்கவில்லை. உழைத்துப் படைத்தவனின் ஊதியத்தைக் காப்பது வேறு, வாங்கியவனின் வீட்டுக்குள்ளே காவல் நிற்பது வேறு என்ற வேறுபாடு அங்கே சட்டத்தில் ஏறியது. பிரதி எடுத்து விற்பதை இங்கு நியாயப்படுத்துவதாக நேயர்கள் கொள்ளலாகாது. நூலாசிரியனும் பாடகனும் விளையாட்டை வடிவமைத்தவனும் பசியாறுவது அதனாலேதான்.

வலயக்குறி இப்போது விளையாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அதற்கு இனித் தேவையில்லை. பூட்டு இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. பொருளை விற்காமல், பயன்படுத்தும் அனுமதியை மட்டும் விற்கிறார்கள். 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னியிலே போர் முடிந்தது. மக்கள் நூலையும் படத்தையும் கசெற்றையும் பதுங்குகுழிகளிலும் வழியோரங்களிலும் விட்டு வெளியேறியிருந்தனர். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவிலே அமேசன் நிறுவனம் தன் மின்னூற் கருவி வைத்திருந்தோரின் கருவிகளிலிருந்து ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரண்டு நூல்களைத் தொலைவிலிருந்தபடியே அழித்தது. உரிமையில்லாத ஒருவர் அவற்றை விற்றுவிட்டார் என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் ஒரு பள்ளி மாணவர் அந்நூலிலே எழுதிவைத்த பாடக்குறிப்புகள் பயனற்றுப் போயின. குண்டு விழாத நாட்டிலும் ஒருவரது அலுமாரியிலிருந்து நூல் மறையலாம் என்பதை உலகம் அன்று கண்டது. ‘வாங்குக’ என்ற சொல்லைப் போட்டு அனுமதியை மட்டும் விற்பவர்கள் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவிலே இயற்றிய சட்டம் 2025 ஜனவரியிலேதான் நடைமுறைக்கு வந்தது.

மாங்குளத்தில் இருந்துகொண்டு பிளேஸ்டேஷன் வலையமைப்பிலே சேர விரும்பும் இளைஞன் இன்னொரு விந்தையைச் சந்திக்கிறான். எந்த நாடு என்று கேட்கும் பட்டியலில் இலங்கை நெடுங்காலமாக இல்லை. ஆகவே அவன் இந்தியாவிலோ ஐக்கிய அமெரிக்காவிலோ இருப்பதாகச் சொல்லிச் சேர்கிறான். பொய் சொன்னால் விதியை மீறியவனாகிறான். உண்மை சொன்னால் சேரவே முடியாது. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு விளையாட்டுக்கு இந்த வலையமைப்புக் கணக்குக் கட்டாயம் என்று சோனி அறிவித்தது. வலையமைப்பு இல்லாத 170 க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் அதன் விற்பனை நின்றது. விளையாடுவோரின் எதிர்ப்பினால் கட்டாயம் சில நாள்களிலே கைவிடப்பட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, இன்ன ஊர் என்று சொன்ன தகப்பனின் மகன் இன்று ஊர் பெயரை மறைத்துச் சொல்லி உள்ளே போகிறான்.

பிள்ளைகளின் நன்மைக்காகப் போடும் தடைகளும் உண்டு. பெற்றோர் பலர் வேண்டி நிற்பது இவற்றையே. சீனா 2000 ஆம் ஆண்டிலே விளையாட்டுப் பெட்டிகளின் விற்பனையைத் தடைசெய்தது. 2015 இல் முற்றாக நீக்கியது. அந்தப் பதினைந்து ஆண்டிலும் சீனப் பிள்ளைகள் விளையாடாமல் இருக்கவில்லை; கணினி நிலையங்களிலே விடிய விடிய விளையாடினர். 2021 ஆம் ஆண்டிலே அந்நாடு வேறு வழி தேடிற்று: பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறிலும் விடுமுறை நாளிலும் இரவு எட்டு முதல் ஒன்பது வரையே இணைய விளையாட்டு விளையாடலாம். அவுஸ்திரேலியா 2025 டிசெம்பரிலிருந்து பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. இலங்கை அரசாங்கம் 2018 மார்ச்சிலே கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தின்போதும் சமூக ஊடகங்களை மறித்தது. முன்னிரண்டு முறையும் வதந்தியினால் உயிர் போகலாம் என்ற அச்சம் இருந்தது. மூன்றாவது முறை யாருடைய அச்சம் என்பதை நேயர்களே அறிவர். ஒரு நாள் முடியுமுன்னரே அத்தடை விலகியது. 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றிய கருத்து வேறுபாடும் இவ்வகையைச் சேர்ந்ததே.

வன்னி மக்கள் தடையைக் கண்டு வெகுள்வதுமில்லை, எளிதிலே நம்புவதுமில்லை. அவர்களுக்கு அதனோடு பழக்கம் அதிகம். தடை எதற்காக, எத்தனை நாளைக்கு, பிழையாகத் தடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று அவர்கள் கேட்பர். பரீட்சைக்குப் படிக்கும் மகளின் தொலைபேசியை இரவு ஒன்பதுக்குப் பின் வாங்கி வைக்கும் தாய் இம்மூன்றுக்கும் விடை சொல்லக்கூடியவள். பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தும் விடுவாள். பற்றறியைத் தடுத்தவர்கள் முதற் கேள்விக்கு மட்டும் விடை வைத்திருந்தனர். பெட்டியினுள்ளே இருக்கும் சில்லுக்கோ, எந்தக் கேள்வியும் கேட்காது. தவறாகப் பூட்டிக்கொண்டால் அதனிடம் முறையிடவும் இயலாது. இதனாலேயே மூன்று காவலிலும் பொருளின் வயிற்றிலிருக்கும் காவலைக் குறித்து மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அரசாங்கம் மாறினால் வீதி திறக்கும், செலாவணி பெருகினால் துறைமுகம் திறக்கும் என்று காத்திருக்கலாம். இதற்கு என்ன மாறும் வரை காத்திருப்பது?

திருத்தும் தொழிலுக்கு இதனால் வந்த கேடு சிறிதன்று. யாழ்ப்பாண வழக்கிலே சாவியைத் திறப்பு என்பர். அன்று றேடியோவுக்குத் திருகாணிச் சுழற்றியே திறப்பு. இன்றைய பெட்டிகளிலோ, சாதாரணச் சுழற்றிக்கு அகப்படாத விசித்திரத் தலையுள்ள திருகாணிகள். அவற்றைக் கழற்றும் கருவியையும் ஒருவர் வாங்கிவிடலாம். தட்டு ஓட்டும் பகுதி பழுதானால் வேறொரு பெட்டியிலிருந்து கழற்றி மாற்ற முடியாது. அந்தப் பகுதியும் தாய்ப்பலகையும் தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்டவை, அந்நியப் பகுதியைப் பலகை ஏற்பதில்லை. மின்னணுப் பொருளைத் திருத்துவதற்கு உதிரிப்பாகமும் விளக்கநூலும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்கள் சில அண்மையிலே சட்டம் செய்தன. 2023 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவும் மினசோட்டாவும் இயற்றிய அத்தகைய சட்டங்களிலிருந்து விளையாட்டுப் பெட்டிகள் பெயர் சொல்லி விலக்கப்பட்டுள்ளன. தைனமோவுக்கு டயோட் பொருத்திய கைகளின் வாரிசுகள் ஏ-9 வீதியோரத்திலே கைத்தொலைபேசி திருத்தும் கடைகளை நடத்துகிறார்கள். விளையாட்டுப் பெட்டி வந்தால், கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

2023 ஆம் ஆண்டின் இறுதியில் வந்த புதிய பிளேஸ்டேஷன் 5 இல் தட்டு ஓட்டும் பகுதியைத் தனியே வாங்கிக் கையாலேயே பொருத்தலாம். பற்றாசு வேண்டாம், திருகாணி வேண்டாம். சிறு பிள்ளையும் செய்துவிடும். பொருத்தியபின் ஒரு முறை மட்டும் இணையத்தோடு தொடர்புகொண்டு அது நிறுவனத்தின் இசைவைப் பெற வேண்டும். பெறும் வரையில், உள்ளே வைத்த தட்டு சுழலாது. அலைத்தொடர்பு மெலிந்த ஊர்ப்புறங்களிலே, பிள்ளைகள் தகப்பனாரின் கைத்தொலைபேசியைப் படலையடிக்குக் கொண்டுபோய் உயர்த்திப் பிடித்து, வீட்டுக்குள்ளிருக்கும் பெட்டிக்கு இணையம் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.